மாப்பிள்ளைக்கு ஒரு நோட்டீஸ்

கல்யாணம் பேசி முடித்ததும் பெண்கள் மாப்பிள்ளைக்கு வாழ்த்து அட்டை அனுப்பிய காலம் அது. ரோஜாப்பூ, இரண்டு புறா, உள்ளே தங்க நிறத்தில் நாலு வரி. காந்திபுரத்தில் அதற்கென்றே கடைகள் இருந்தன. என் தோழிகள் எல்லோரும் அங்கேதான் வாங்கி அனுப்பினார்கள். நான் கோர்ட் நோட்டீஸ் அனுப்பினேன்.

இதைக் கேட்டுவிட்டு இந்தக் காலத்துப் பெண்கள் சிலர், "ஆண்ட்டி, நீங்க அப்பவே பயங்கரத் தைரியசாலி" என்கிறார்கள். தைரியமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு காரியத்தை யாருக்கும் தெரியாமல் முடிக்கக் கிளம்பி, அதை ஒரு தாலுகா முழுக்கத் தமுக்கடித்துவிட்டு வந்தவள் நான். (தமுக்கடிக்கிறவராவது கூலி வாங்குவார். நான் கைக்காசு போட்டு ஸ்டாம்பு ஒட்டிக் கொடுத்தேன்.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. பி.காம். முடித்துவிட்டுக் கோவையில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். காந்திபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் வாசம். அப்பாவும் அம்மாவும் பெருந்துறைக்குப் பக்கத்தில் தோட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் பார்த்து வைத்த மாப்பிள்ளையின் பெயர் கதிர்வேல். தாராபுரத்துக்கு அந்தப் பக்கம் சொந்த ஊர், கோவையில் சொந்தமாக லேத் பட்டறை. பெண் பார்க்க வந்த அன்று அம்மா பதற்றத்தில் அவருடைய காபிக்குச் சர்க்கரை போட மறந்துவிட்டார். மனிதர் முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "காப்பி நல்லா இருக்குதுங்க" என்றார். அந்த ஒரு பொய்க்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

அடுத்த வாரமே விடுதியில் என் அறைத்தோழி ஹேமா குண்டைத் தூக்கிப் போட்டாள். அவளுக்கும் தாராபுரம் பக்கம்தான்.

"லேத் பட்டறை வெச்சிருக்கற கதிர்வேலா? ஐயோ கோமதி, அவரு மேல கிரிமினல் கேஸ் இருக்குதாமா. யாரையோ அருவாள்ல வெட்டிப்போட்டாராமா!"

"யாரை?"

"அது தெரியல. ஆனா வெட்டுனது நெசமாமா."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உப்புச் சர்க்கரை மாற்ற நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இரண்டு வீட்டாரும் உப்பையும் சர்க்கரையையும் மாற்றிக்கொண்டுவிட்டால் கல்யாணம் பாதி முடிந்த மாதிரி. அதற்கப்புறம் வாயைத் திறக்க முடியாது. அப்பாவிடம் சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும். "அதெல்லாம் இருக்காது கண்ணு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். அல்லது ஹேமாவின் பேச்சை அப்படியே நம்பிச் சம்பந்தத்தையே வேண்டாம் என்றுவிடுவார். எனக்கு இரண்டுமே வேண்டாம். அரிவாள் தூக்குகிறவருக்கு வாழ்க்கைப்பட எனக்குப் பயமாக இருந்தது. சர்க்கரையில்லாக் காபி குடித்தவரை விடவும் மனசு வரவில்லை. நேரடியாகக் கேட்கலாம் என்றால், "ஏனுங்க, நீங்க யாரையாவது வெட்டிப்போட்டீங்களாங்க?" என்பதை எத்தனை 'ங்க' போட்டாலும் மரியாதையாகக் கேட்க முடியவில்லை. கண்ணாடி முன்னால் நின்று முயன்று பார்த்தேன்.

அப்போதுதான் என் கல்வியறிவு விழித்துக்கொண்டது. கோர்ட் தீர்ப்பெல்லாம் பொது ஆவணம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று கல்லூரியில் ஏதோ ஒரு கைடில் படித்திருந்தேன். சரி, நேரே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். கோர்ட் என்றால் நூலகம் போல இருக்கும், 'க' வரிசையில் கதிர்வேலை எடுத்துத் தருவார்கள், ஓரமாக உட்கார்ந்து படித்துவிட்டு மத்தியான பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று திட்டம். கம்பெனியில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, விடுதியில் சேலை எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அவருடைய ஊருக்கான கோர்ட் இருந்த ஊரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அங்கே இன்னமும் நாலு பேருக்கு என்னை அடையாளம் தெரியும்.

ஓட்டுக் கட்டடம். முன்னால் வேப்பமரம். மரத்தடியில் தமிழ் டைப்ரைட்டர்களோடு மூன்று பேர். விலங்கு மாட்டிய ஒருவரும் அவரைக் கூட்டி வந்த போலீஸ்காரரும் ஒரே பொட்டலத்திலிருந்து போண்டா தின்றுகொண்டிருந்தார்கள். நகல் பிரிவு என்று எழுதியிருந்த ஜன்னலில் போய் நின்றேன். உள்ளே இருந்த குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார்.

"கேஸ் நம்பருங்க?"

"தெரியாதுங்க."

"எந்த வருசமுங்க?"

"தெரியாதுங்க."

"நீங்க புகார் குடுத்தவங்களா, எதிரியா?"

"நானுங்களா..." கொஞ்சம் யோசித்தேன். "பொதுமக்களுங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், பெயரையும் ஊரையும் கேட்டார். சொன்னேன். "அடடே, அந்த வண்டித்தடத்துக் கேஸுங்களா?" என்றார். பக்கத்து மேஜைக்காரர் தலையைத் தூக்கி, "வண்டித்தடத்துக் கேஸா?" என்றார். அதற்கும் உள்ளேயிருந்து யாரோ சிரித்தார்கள். தோட்டத்துக்கு வண்டி போகிற தடத்தில் யார் மண்ணை யார் வெட்டியது என்பதில்தான் எங்கள் பக்கத்துச் சொந்தபந்தங்கள் பாதி பிரிந்திருக்கின்றன. ஆகவே எனக்கு வண்டித்தடம் புரிந்தது. சிரிப்பு புரியவில்லை.

"அதுல என்னாச்சுங்க? தண்டனையாயிருச்சுங்களா?"

"முடிஞ்சு போச்சுங்க. என்னாச்சுன்னு நான் வாயால சொல்லக் கூடாதுங்க அம்மணி. பேப்பர்தான் சொல்லோணும். கேஸுல இல்லாத மூணாவது மனுசங்க பேப்பர் கேட்டா, அய்யாவுக்கு மனுப் போட்டு உத்தரவு வாங்கோணுங்க. என்ன காரணத்துக்குக் கேக்கறீங்கன்னு அதுல எழுதோணும்."

கேஸ் நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்து மரத்தடியைக் காட்டினார். அங்கே இருந்ததில் வயதான டைப்பிஸ்ட் தாளைச் சொருகிக்கொண்டு, "காரணம் என்னன்னு போடட்டுங்க?" என்றார்.

"பொது அறிவுக்காகன்னு போடுங்க."

"அப்பிடிப் போட்டா அய்யா தூக்கி வீசிப்போடுவாருங்க. உள்ளதைச் சொல்லுங்க அம்மணி. நான் ஆருகிட்டச் சொல்லப்போறேன்?"

உள்ளதைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. எத்தனை வருஷமாக வரப்பும் வாய்க்காலுமாக அடித்து அலுத்துப்போயிருந்தாரோ, விரல்கள் விளையாடத் தொடங்கிவிட்டன. அவர் அடித்துக் கொடுத்தது இது: 'மனுதாரராகிய நான் எதிர்மனுதாரரை மணமுடிக்க உத்தேசித்துள்ளபடியாலும், மேற்படி எதிர்மனுதாரர் அரிவாள் முதலான ஆயுதங்களைப் பிரயோகிக்கும் சுபாவமுடையவரா என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது மனுதாரரின் உயிருக்கும் உடைமைக்கும் இன்றியமையாதபடியாலும்...'

"இவ்வளவு வேணுங்களா?" என்று கேட்டேன்.

"உயிருக்கும் உடைமைக்கும்னு போட்டாத்தானுங்க வெயிட்டா இருக்கும்."

சரிங்க என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் ஆகிவிட்டது, என் மனு மேலே போவதற்குள். மாஜிஸ்திரேட் தென்மாவட்டத்துக்காரர், மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மனுவைப் படித்தார். மறுபடி ஒரு தரம் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரியவர்கள் எதைக் கேட்டாலும் நாங்கள் முதலில் "சரிங்க" என்றுவிடுவோம். என்ன கேட்டார்கள் என்பதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம். சம்மதம் வேறு, சரிங்க வேறு. எங்கள் பக்கத்தில் பிறந்த யாருக்கும் இது தெரியும். தென்மாவட்டத்து மாஜிஸ்திரேட்டுக்குத் தெரியாது.

"ஏம்மா, இதை வாபஸ் வாங்கிட்டு வீட்டுப் பெரியவங்களை விட்டு விசாரிக்கச் சொல்லலாமே?" என்றார்.

"சரிங்கய்யா."

"இல்ல, இப்படியே நடத்தணும்னா எதிர்மனுதாரருக்கு நோட்டீஸ் அனுப்பி, அவருக்கு ஆட்சேபணை உண்டான்னு கேட்கணும். அனுப்பட்டுமா?"

"சரிங்கய்யா."

இரண்டு சரிங்கவில் அவர் பின்னதை எடுத்துக்கொண்டார். இரண்டு வாரம் தள்ளித் தேதி சொன்னார்கள். நோட்டீஸ் யாருக்கு, எதற்கு, எந்த வீட்டு வாசலில் போய் நிற்கும் என்றெல்லாம் எனக்கு ஓடவே இல்லை. காரியத்தைக் கச்சிதமாக, காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிட்ட நிம்மதியில் ஜன்னலோர இருக்கை பிடித்துக் கோவை வரை தூங்கிக்கொண்டு வந்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதி வார்டன் கூப்பிட்டார். "கோமதி, உங்க அப்பா லைன்ல."

"என்னுங்க அம்மணி, சௌக்கியமுங்களா?" என்றார் அப்பா.

அப்பா சந்தோஷமாக இருந்தால் "ஏ புள்ள" என்பார். கோபம் வந்தால் எனக்கே 'ங்க' போடுவார். இத்தனை 'ங்க' நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"சௌக்கியந்தானுங்கப்பா."

"இன்னைக்கு மாப்பிள்ளையூட்டுக்கு முகூர்த்தம் பேசப் போயிருந்தமுங்க. எலை போட்டு உக்கார வெச்சாங்க. இனிப்புக்குக் கச்சாயம் வெச்சாங்க. அப்ப ஒரு போலீஸ்காரரு டிவிஎஸ்ல வந்து எறங்குனாருங்க. மாப்பிள்ளை பேருக்கு நோட்டீஸாமுங்க. பழைய கேஸ் திரும்பி வந்துருச்சுன்னு மாப்பிள்ளையோட அம்மா அழுவவே ஆரம்பிச்சுட்டாங்க. போலீஸ்காரரு சத்தமாப் படிச்சாருங்க. மனுதாரர் கோமதி, தகப்பனார் பேரு சின்னச்சாமி. எனக்கு அந்தப் பேரை எங்கயோ கேட்ட மாதிரி இருந்துச்சுங்க."

நான் ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"எனக்கு விக்கல் எடுத்துப்போச்சு. கடசீல அந்தம்மா கண்ணைத் தொடச்சுக்கிட்டு, 'இன்னொரு கச்சாயம் வெக்கட்டுங்களா?'ன்னு கேட்டாங்க. நானும் வெய்யுங்கன்னேன். வேற என்னத்தைச் சொல்லறது?"

"மாப்பிள்ளை என்னுங்கப்பா சொன்னாரு?"

"நோட்டீஸை மடிச்சுச் சட்டை ஜோப்புல வெச்சுக்கிட்டாரு. 'கோர்ட்டுல பாத்துக்கலாமுங்க'ன்னாரு. அவ்வளவுதான்." அதற்கு மேல் அப்பாவால் மரியாதையைத் தாங்க முடியவில்லை. "என்ன காரியம் புள்ள பண்ணிப்போட்ட!" என்று கத்தினார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

ஆனால் அந்த 'கோர்ட்டுல பாத்துக்கலாமுங்க' தூங்கவிடவில்லை. அது சண்டைக்காரர்கள் பேச்சு. அவர் வெட்டியிருந்தால் கல்யாணம் இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன். வெட்டாமலே இருந்தாலும் இனிக் கல்யாணம் இல்லை என்ற நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். இத்தனை கெட்டிக்காரத்தனம் எல்லோருக்கும் வாய்த்துவிடாது.

வாய்தா நாளன்று இரண்டு குடும்பமும் வந்திருந்தது. எங்கள் பக்கம் அப்பா, அம்மா, கல்யாணத் தரகர். அவர்கள் பக்கம் கதிர்வேல், அவருடைய அப்பா, அம்மா. கோர்ட்டுக்குள் ஒரே ஒரு பெஞ்சுதான் காலியாக இருந்தது. "நீங்க உக்காருங்க" என்றார் என் அப்பா. "அதெப்படிங்க, நீங்க உக்காருங்க" என்றார் அவர் அப்பா. முகத்தில் ஈயாடவில்லை இருவருக்கும், உபசாரத்தில் மட்டும் குறைவில்லை. கடைசியில் டவாலி வந்து அதட்டியதில் இருவருமே நின்றுகொண்டார்கள். பெஞ்சில் தரகர் உட்கார்ந்தார்.

டவாலி வாசலில் போய் என் பெயரை மூன்று முறை கூவினார். நான் அவருக்குப் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன். மாஜிஸ்திரேட் இந்தத் தடவை மனுவை வாய்விட்டுப் படித்தார். 'அரிவாள் முதலான' என்ற இடத்தில் வக்கீல்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். 'உயிருக்கும் உடைமைக்கும்' என்ற இடத்தில் கூண்டில் நின்ற கோழித் திருடன் ஒருவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பரிதாபமாகத்தான் பார்த்தான். தரை பிளந்து உள்ளே போய்விடலாம் என்றால், அரசாங்கச் சிமெண்ட் அன்றைக்கென்று உறுதியாக இருந்தது.

"எதிர்மனுதாரர், உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

கதிர்வேல் முன்னால் வந்தார். வெள்ளைச் சட்டை, நகக்கண்ணில் கிரீஸ். என் பக்கம் அவர் பார்க்கவே இல்லை.

"ஆட்சேபணை இல்லீங்கய்யா" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "தீர்ப்பு மட்டும் குடுத்தாப் பத்தாதுங்க. சாட்சிக்காரங்க சொன்னதையும் சேத்துக் குடுக்கச் சொல்லுங்க. அவங்க எல்லாத்தையும் படிச்சுப் பாக்கோணுங்க" என்றார்.

மாஜிஸ்திரேட் கேஸ் கட்டைக் கொண்டுவரச் சொன்னார். நகல் அப்புறம் வாங்கிக்கொள்ளட்டும், வந்தவர்கள் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று பெஞ்ச் கிளார்க்கைப் படிக்க வைத்தார். அடிபட்டது கதிர்வேலின் பெரியப்பா. வெட்டப்பட்டது வண்டித்தடத்து வரப்பு. மண்வெட்டிக் காம்பு வழுக்கி அவர் நெற்றியில் பட்டு இரண்டு தையல். அரிவாள் என்ற சொல்லே அந்தக் கட்டுக்குள் எங்கும் இல்லை. நான்காவது எதிரி கதிர்வேல் சம்பவம் நடந்த அன்று கோவையில் பாலிடெக்னிக் விடுதியில் இருந்தார். அவர் பெயர் எப்படி வந்தது என்று வக்கீல் கேட்டதற்கு அந்தப் பெரியப்பாவே கூண்டில் நின்று சொன்ன பதிலைக் கிளார்க் ராகம் போட்டுப் படித்தார்: "அவங்கூட்டு ஆம்பளைங்க பேரெல்லாம் சொல்லச் சொன்னாங்க. சொன்னேனுங்க. இவன் ஊட்டுல இல்லாதது எனக்குத் தெரியுமுங்க. உட்டுப்போனா வருத்தப்படுவானேன்னு சேத்துப்போட்டேன்."

நகல் பிரிவில் எதற்குச் சிரித்தார்கள் என்று அப்போது புரிந்தது. மாஜிஸ்திரேட்டே சிரித்துவிட்டார். எதிரிகள் நால்வரும் குற்றவாளிகள் அல்ல, விடுதலை என்று கிளார்க் முடித்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. வெட்டவில்லை. அவர் யாரையும் வெட்டவில்லை. அப்பாவின் துண்டை வாங்கி மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

"என்னம்மா, இப்போ திருப்திதானே? கல்யாணம் உண்டா, இல்லையா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"சரிங்கய்யா" என்றேன்.

"கேள்வியைக் கேட்டுட்டுப் பதில் சொல்லும்மா!"

வேப்பமரத்தடியில் கதிர்வேல் தனியாக நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போய், "மன்னிச்சுப்போடுங்க. உங்களை இப்பிடிச் சந்தியில நிறுத்திப்போட்டேன்" என்றேன்.

"இதுக்கு முன்னால ரெண்டு எடம் வந்து நின்னு போச்சுங்க" என்றார் அவர். "கேஸுன்னு காதுல உழுந்ததும் போனவங்கதான். விடுதலையாயிருச்சுன்னு எங்கம்மா சொன்னா ஆரும் நம்பல. பெத்தவ அப்பிடித்தான் சொல்லுவான்னுட்டாங்க. அன்னைக்கு நோட்டீஸைப் பாத்ததும் எனக்கு என்ன தோணுச்சுன்னா, ஒருத்தராச்சும் பேப்பரைப் பாக்கோணும்னு வாராங்களேன்னு இருந்துச்சுங்க. எல்லாரும் இருக்கறப்பக் கோர்ட்டுலயே படிக்கட்டும்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

'கோர்ட்டுல பாத்துக்கலாமுங்க' என்றதன் அர்த்தம் அதுதான். அதற்கும் சரிங்க என்றுதான் சொன்னேன். இந்தத் தடவை சம்மதித்துத்தான் சொன்னேன்.

தீர்ப்பின் நகல் என் கைக்கு வந்தது. உப்பும் சர்க்கரையும் மாறின. தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. மரத்தடி டைப்பிஸ்ட்டுக்கும் பத்திரிகை கொடுத்தோம். வந்து சாப்பிட்டுவிட்டு, மொய் எழுதுகிற இடத்தில் தன்னை 'மனு எழுதியவர்' என்று போடச் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் இன்றைக்கும் நான் எதைக் கேட்டாலும், நகை என்றாலும் நாய்க்குட்டி என்றாலும், என் கணவர் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு "ஆட்சேபணை இல்லீங்கய்யா" என்பார். பிள்ளைகள் ஸ்கூல் டூருக்குப் பணம் கேட்கும்போது மனுவில் காரணம் எழுதச் சொல்வார்.

இந்தக் கதையை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் என் மாமியார்தான். கேஸ் என்ற பேச்சு வந்தால் கல்யாண வீடுகளில் பந்திக்குக்கூட நிற்காமல் வந்துவிடுவாராம் முன்பெல்லாம். அந்த வாய்தாவுக்கு அப்புறம் முதல் வரிசை நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து, யாரும் கேட்காமலே ஆரம்பித்துவிடுவார். டவாலி கூவியது, கோழித் திருடன் பார்த்தது, எல்லாம் வரும். நான் புடவைத் தலைப்பில் முகத்தை மறைத்துக்கொள்வேன். போன வைகாசியில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் பையனுடைய படிப்பு, வேலை, அமெரிக்கா என்று அளந்துகொண்டே போனார். மாமியார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"அதெல்லாஞ் செரிங்க" என்றார். "என்ற பையன் நல்லவன்னு கவர்மெண்டே எழுதி, முத்திரை குத்தி, என்ற மருமவ கையில குடுத்திருக்குது. உங்க பையனுக்கு அப்பிடி ஏதாச்சும் பேப்பரு இருக்குதுங்களா?"